வள்ளியூர் பெயிண்ட்

ஞாயிறு பூசை முடிந்ததும் வந்தோம்.
பெயர் கொடுத்தவர்கள் பதினான்கு,
வந்தது ஒன்பது.
உவரிக் கடைத்தெருவில் முப்பத்தொரு ஷட்டர்,
தூக்கினால் எழும்புவது ஏழு.
மற்றதெல்லாம் உப்புக்காற்று போட்ட பூட்டு.

டெல்பின் மண்ணெண்ணெய் விட்டாள்,
ரெமிஜியுஸ் கடப்பாரையால் நெம்பினான்,
பழைய டேப்ரிக்கார்டர் கடை
ஒரு முழம் திறந்து நின்றுகொண்டது.
உள்ளேயிருந்து ஒரு பூனை, பின்னால் மூன்று குட்டிகள்,
வாடகை பாக்கி இல்லாதவர்களைப் போல
எங்களை முறைத்துவிட்டுப் போயின.

துரு சுரண்டி நீலம் அடித்தோம்.
மீன் ஏலம் முடிந்து போனவர்கள்
"எலெக்‌ஷன் வருதோ?" என்றார்கள்.

பதினோரு மணிக்கு
ஹார்டுவேர் கடை தங்கக்கண் அண்ணாச்சி
டப்பாவைத் திருப்பி விலைச்சீட்டைப் படித்தார்.
"பெயிண்ட வள்ளியூர்லயா வாங்குனிய?"

லிட்டருக்கு இருபது ரூபாய் குறைவு
என்று ஒருவரும் சொல்லவில்லை.
டெல்பின் தரையைப் பார்த்தாள்.
தரையெல்லாம் நீலச் சொட்டு.

கடைக்குள் போனவர்
உப்புத்தாள் இரண்டும் நாலிஞ்சு பிரஷ் ஒன்றும் கொண்டுவந்தார்.
"ஒங்க பிரஷ் முடி கொட்டும். இது கொட்டாது."
நோட்டில் எங்கள் பேரில் பற்று எழுதிக்கொண்டார்.

இருட்டுவதற்குள் நான்கு ஷட்டர்.
கடன் நூற்று அறுபது.

அடுத்த வாரத்துக்கு வெள்ளை வேண்டும்.
அவரிடம் வெள்ளை இல்லை,
புதன்கிழமை வந்துவிடும் என்கிறார்.
காத்திருக்கிறோம்.