ஜெயசீலன் வீட்டில் இருந்த இலை

ஜெயசீலனின் கணக்கை நீக்கிவிடு என்று
வெள்ளிக்கிழமை மாலை ஒரு வரி அனுப்பினார் மேனேஜர் போஜன்.
திருப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.
சம்பளப் பட்டியலில் இல்லாதவனுக்கு
சர்வரில் எதற்கு ஹோம்?

ஒரே கட்டளை, இரண்டு விநாடி வேலை.
என்டர் தட்டும் முன்
எவ்வளவு கனம் என்று சும்மா பார்த்தேன்.
பதினேழு ஜிபி.
சினிமா வைத்திருப்பான் என்றுதான் நினைத்தேன்.

ஹோமுக்குள் அவன் பெயர்
பெயருக்குள் 'புதுசு'
புதுசுக்குள் 'புதுசு ரெண்டு'
அதற்குள்
ஆயிரத்து நூற்று நாற்பது பேர்
ஏழு வருடமாகக் கிள்ளிப் போட்ட பச்சை இலை:
தேதி, கிலோ, ஈரத்துக்குக் கழித்தது,
தீபாவளி முன்பணம்.
கோத்தகிரி ஃபேக்டரியின் மொத்தக் கணக்கும்
ஊரைவிட்டுப் போனவன் வீட்டில்
வாடகையில்லாமல் குடியிருந்தது.

திட்ட வாயெடுத்தேன். பக்கத்தில் ஒரு குறிப்பு:
'வார் ஃபுல். வெளியே ஒன்பது லாரி. இப்போதைக்கு இங்கே.'
ஐப்பசி மாதத் தேதி, இரவு இரண்டேகால்.
இப்போதைக்கு.
இந்த மலையில் பாதிக் கட்டடங்கள்
அந்தச் சொல்லின் மேல்தான் நிற்கின்றன.

சரி, இனி எங்கே?

வார் லிப்தான் வழக்கமான இடம்.
நிறுவும்போதே அங்கேதான் போய் உட்காரும்,
யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.
ஆனால் லாக்குகளும் அதே சரிவில்தான் இறங்குகின்றன.
இங்கே விவரம் தெரிந்தவர்கள் மார்ச்சில் மனை பார்ப்பதில்லை.
அடைமழையில் குடையோடு போய் நிற்பார்கள்
தண்ணீர் எந்த வழியாக வருகிறதென்று.

டெம்ப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்;
ஒரு சில்வர் ஓக் கிளை மின்கம்பியில் சாய்ந்தால் போதும்.

குன்னூர் ஆபீஸ் பெட்டியில் வைக்கலாமே என்றார் போஜன்.
நடுவில் இருபது கிலோமீட்டர் கேபிள்,
கேபிள்மேல் காட்டெருமை.
அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

புது டிஸ்க் ஒன்றை எஸ்ஆர்வியின் கீழே ஏற்றினேன்.
'இலை' என்று பெயர் வைத்தேன்.
ஒரு காலி ஃபோல்டரின் மேல் டிஸ்க் வந்து அமரும்;
அடியில் கிடப்பது மறையும், அழியாது,
மூடுபனி ஏறிய எதிர்ச்சரிவு போல.
பயமும் அங்கேதான்.
டிஸ்க் ஏறத் தவறிய ஒரு காலையில்
டேட்டாபேஸ் அந்த வெறுந்தரையைத் தொட்டுப் பார்த்து
முதல் வரியிலிருந்து புதுக்கணக்கு தொடங்கிவிடும்
யாரும் இதுவரை
ஒரு கொழுந்தும் கொடுத்ததேயில்லை என்பதுபோல.

ஆகவே முதலில் தரைக்குப் பூட்டு.
டிஸ்க் வராவிட்டால் நீயும் எழாதே என்று
டேட்டாபேஸுக்கு ஒரு வரி.
பிறகு உரிமை: ஜெயசீலனுக்கு இல்லை,
எனக்கும் இல்லை.
அதற்கென்றே இருக்கும், முகமில்லாத ஒரு பயனருக்கு.
ஏழு, பூஜ்யம், பூஜ்யம்.

சனி இரவு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நகலெடுத்தேன்.
வாடல் தொட்டி விசிறிகள் மேலே உறுமிக்கொண்டிருந்தன.
வரிகளை எண்ணினேன், இரண்டு பக்கமும் ஒன்று.
மறுபடி எண்ணினேன்.
ஜெயசீலனுக்கு ஃபோன் போட்டேன்.
பின்னால் தையல் மெஷின்கள்.
"அக்கா, அழிச்சிடலையே?"
"இல்ல."
"ரெண்டு வருசமா மாத்தணும்னுதான் நினைச்சேன்."
எனக்கும் அப்படி நாலைந்து வேலை இருக்கிறது என்று
அவனிடம் சொல்லவில்லை.
கணக்கை நீக்கினேன். இரண்டு விநாடிதான்.

திங்கள் காலை தராசில் முதல் மூட்டை மிச்சியுடையது.
நாற்பத்து மூன்று கிலோ. ஈரத்துக்கு இரண்டு போக நாற்பத்தொன்று.
ரசீது வந்தது.
"மழையே இல்ல, எதுக்கு ரெண்டு?
போன வாரம் வெயில் அடிச்சப்ப ஒண்ணுதானே கழிச்சே?"
திறந்து பார்த்தேன்.
எஸ்ஆர்வி, இலை, போன வாரம், மிச்சி:
மூன்று.
சொன்னேன்.
கோபம் இன்னும் கூடிவிட்டது.