புறங்கை

பெட்டிகள் இரண்டு. ஒவ்வொன்றும் முப்பத்தோரு கிலோ.
பிர்னோவில் எங்கள் நான்காம் மாடிக்கு லிஃப்ட் இல்லை.
சுமந்து வந்த பையன் மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்து
"உள்ளே என்ன, பிணமா?" என்றான்.
ஒலிபெருக்கி என்றேன்.
"பாட்டு கேட்கவா இவ்வளவு கனம்?"
நல்ல கேள்வி. ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன்,
கேள்விகளுக்கு மதிப்புரை எழுதுகிறவனாக இருந்திருந்தால்.

பகலில் ஒன்றாம் எண் டிராம் ஓட்டுகிறேன்,
ஏரிக்கரை வரை போய்த் திரும்பும் தடம்.
இரவில் கேட்கிறேன். கேட்டதை எழுதுகிறேன்.
பக்கத்துக்கு எண்ணூறு கொருனா தருகிறது மாத இதழ்.
அந்தக் காசுக்கு ஒயர்கூட வராது,
நல்ல ஒயர்.

பின் எதற்கு, என்பாள் க்வெடா.
முதல் வருடம் சொன்னேன்:
காது சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.
ஏழாம் வருடம் சொன்னேன்:
யாராவது ஒருவன் உள்ளதைச் சொல்ல வேண்டாமா.
இரண்டும் பொய்யில்லை.
இரண்டுக்கும் நடுவே, பெட்டி வந்த எட்டாவது வாரம்
தவறாமல் ஒரு கடிதம் வரும்:
"திருப்பி அனுப்பலாம். அல்லது
துறை சார்ந்தவர்களுக்கான விலையில்
நீங்களே வைத்துக்கொள்ளலாம்.
நாற்பது சதவீதம் கழிவு.
அன்புடன், ஹ்லவாச்."

அன்பில் மட்டும் கழிவு கிடையாது அவருக்கு.

யாரும் எதுவும் கேட்பதில்லை.
கண் சிமிட்டுவதில்லை, குரல் தாழ்த்துவதில்லை.
தேனெடுத்தவனுக்குப் புறங்கை எங்கே இருக்கிறது என்று
யார் சொல்லித்தர வேண்டும்?

அந்த ஜோடியில் ஒரு குறை.
ஒலி ஏற ஏற வயலின்
எலுமிச்சை பட்ட பாலாய்த் திரிந்தது.
அப்படியே எழுதினேன், ஒரே வாக்கியம்.
எழுதிவிட்டு எழுந்து நடந்தேன்.
வால்நட் பளபளப்பில் முகம் பார்த்தேன்.
அறுபதாயிரம் மிச்சம் என்று கணக்குப் பார்த்தேன்.
என் அறை சின்னது, சுவர் மொட்டைச் சுவர்,
குறை அறையுடையதாகவும் இருக்கலாமே என்று
நியாயமும் பார்த்தேன்.
பிறகு அந்த வரியை அடித்தேன்.
விரல் வலிக்கவில்லை.

ஏப்ரலில் இதழ் வழியாக ஒரு கடிதம்.
ட்ரெபீச்சிலிருந்து ட்ராஹோமீரா,
செருப்பு ஆலையில் கணக்கு எழுதியவர்.
மறைந்த கணவரின் மோட்டார் சைக்கிளை விற்று
முழு விலைக்கு வாங்கியிருக்கிறார்.

"எல்லாம் நீங்கள் சொன்னபடியே. வயலின் மட்டும் கூசுகிறது.
நீங்கள் அப்படி எழுதவில்லை,
எனவே கோளாறு என் காதில்தான்.
டாக்டரிடம் போனேன். ஒன்றுமில்லை என்கிறார்,
அவரை நம்பவா உங்களை நம்பவா?
நீங்கள் எந்த மூலையில் வைத்திருக்கிறீர்கள்?"

நான் வைத்திருக்கும் மூலை.

அடித்த வரி மறக்கவில்லை, எழுத்துக்கு எழுத்து.
கையால் எழுதி, அவர் காதுக்கு மன்னிப்பும் சேர்த்து
அன்றே தபாலில் போட்டேன்.
நாற்பது சதவீதத்தைப் பற்றி மட்டும் எழுதவில்லை.
அறுபதுக்கு உண்மை கொடுத்தால் போதும் என்று
கைக்கு அதற்குள் பழகியிருந்தது.

பதில் வந்தது, இரண்டே வரி:
"அப்படியானால் என் காது நல்ல காது. நன்றி.
அடுத்து ஆம்ப்ளிஃபயர் எது வாங்கலாம்?"

மெண்டல் சதுக்கத்து வளைவில்
தினமும் சக்கரம் கிறீச்சிடும்.
இன்று பின்னால் ஒரு குழந்தை
இரண்டு காதையும் பொத்திக்கொண்டு
"கூசுது" என்று கத்தியது,
டிராம் முழுக்கக் கேட்கும்படி,
யாரும் அதற்கு எதுவும் தராமல்.