நூற்று இருபதாவது வண்டி

திங்கள் காலை எட்டு ஏழுக்கு
தெலாவியிலிருந்து ஓர் ஆர்டர் வந்து விழுந்தது:
ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி, பச்சை, நூற்று இருபது.
திராட்சை அறுவடைக்கு முன் வேண்டும்.

நான் ஒரு விசைதான் அழுத்தினேன்.
திரைக்குள் ஒரு வண்டி
தன்னைத்தானே பிரித்துப் பரப்பிக்கொண்டது:
தொட்டி ஒன்று, கைப்பிடிக் குழாய் இரண்டு,
கால் இரண்டு, சக்கரம், டயர், அச்சு,
பேரிங் இரண்டு, போல்ட் பதினான்கு.
எல்லாவற்றையும் நூற்று இருபதால் பெருக்கி
இருப்பைக் கழித்து
டயர் மட்டும் போதாதென்று
கொள்முதல் மேசைக்குத் தானே சீட்டனுப்பியது.
பேரிங்? இருக்கிறது. இருநூற்று நாற்பது.
ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.
அந்தக் கச்சிதத்தைப் பார்த்தபோதே
நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

உற்பத்தி ஆணைக்கு ஓர் எண் பிறந்தது.
எண் பிறந்ததும் ரூஸ்தாவி ஆலையில்
எல்லோருக்கும் நாள் குறிக்கப்பட்டது.
தகடு அழுத்தச் செவ்வாய்,
வெல்டிங்குக்குப் புதன்,
பெயிண்ட் அடுப்புக்கு வியாழன் இரவு
(பகலில் அடுப்பு சிவப்பு மண்வெட்டிகளுடையது).

ஓதார் கையுறையைக் கழற்ற மாட்டான்;
வெல்டிங் முடிந்ததும்
மூக்கால் திரையைத் தொடுவான்.
முடிந்தது: நாற்பது. கழிவு: இல்லை.
அவன் மூக்கு சொன்ன மறுகணம்
கிடங்குக் கணக்கில் எண்பது குழாய் குறையும்,
அவனுடைய நிமிடங்கள் கூலியாகி ஆணையின்மேல் ஏறும்,
என் மஞ்சள் கட்டம் பச்சையாகும்.
மூன்று வருடமாக
அவன் முகம் எனக்கு இப்படித்தான் தெரியும்:
ஒரு பச்சைக் கட்டம்.

வெள்ளி மதியம், சக்கரம் மாட்டும் நேரம்,
கிடங்கிலிருந்து ஷோரேனா கூப்பிட்டாள்.
"ஜி பதினான்காம் தட்டில் இருநூற்று முப்பத்தெட்டு.
மூன்று முறை எண்ணிவிட்டேன்."
"திரையில் இருநூற்று நாற்பது இருக்கிறதே."
"அப்படியானால் திரையைக் கழற்றி அனுப்பு,
அச்சில் மாட்டிப் பார்க்கிறேன்."

ஏட்டில் காய்த்துத் தொங்கியது சுரைக்காய்.
கறிக்கு இரண்டு துண்டு போதவில்லை.

நாலு மணிக்குத் தேநீர் வண்டி.
ஆறு வருடமாக
வண்டிக்கு முன்னால் அதன் கீச்சொலி வரும்,
நாங்கள் கோப்பை கழுவ எழுந்துகொள்வோம்.
இன்று சியூரி என் முதுகுக்குப் பின்னால்
வந்து நிற்கும்வரை
ஒருவருக்கும் தெரியவில்லை.
"எண்ணெய் போட்டாயா?"
"ஸாஸா ஏதோ மாட்டினான், போன வாரம்.
தங்கமான பையன். காசே வாங்கவில்லை."

குனிந்து பார்த்தேன்.
முன் சக்கரத்தில்
நீல மூடியோடு இரண்டும் உட்கார்ந்திருந்தன.

கழற்றப் பத்து நிமிடம் போதும்.
கெட்டிலில் நீர் கொதித்துக்கொண்டிருந்தது.
சியூரி எனக்கு
எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து இருப்பைத் திருத்தத் திறந்தேன்.
காரணம் கேட்டது.
ஒன்று, துரு. இரண்டு, உடைசல்.
மூன்று, எண்ணிக்கைப் பிழை. நான்கு, மாதிரிக்குக் கொடுத்தது.
"சத்தம் தாங்காமல்" என்று ஐந்தாவது இல்லை.
மூன்றின்மேல் விரலை வைத்து எடுத்தேன்:
எண்ணியவள் ஷோரேனா. அவள் பிழை செய்யவில்லை.
பிறகு வேறு கதவைத் தட்டினேன்.
செலவு மையம்: உணவகம்.
பேரிங், இரண்டு.
ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்றுக்கொண்டது.

அன்று மாலை லாரி போனது
நூற்றுப் பத்தொன்பதோடு.
தெலாவிக்காரர் தொலைபேசியில் கத்தினார்,
பிறகு மழை எப்படி என்று விசாரித்தார்.
மிச்ச ஒன்று
சக்கரமில்லாமல் மூக்கைத் தரையில் ஊன்றி
சுவரோரம் நின்றது.
"பகுதி நிறைவு" என்றது திரை.
செவ்வாய்க்கிழமை புதுப் பெட்டி வந்ததும்
ஸாஸாவே அதை மாட்டினான்,
என் பக்கம் பார்க்காமல்.

மாதக் கடைசியில்
திபிலிசியிலிருந்து கணக்காளர் எழுதினார்:
ஆறு லாரி நாற்பது தெத்ரி, விளக்கம் தேவை.
உணவகத்துக்குப் பேரிங் எதற்கு?

தேநீர் வருவது கேட்காமலிருக்க
என்று பதில் போட்டேன்.

அவரும் அதற்குமேல்
ஒன்றும் கேட்கவில்லை.