சிவப்பு

கார் கழுவினால் அபராதம் என்று
லிஃப்ட் கதவில் கன்னடத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.
அரை மக் தண்ணீர், அவன் விட்டுப்போன பனியன்,
ஒரு டப்பா காம்பவுண்ட்.

பதினோரு வருஷம் ராமமூர்த்தி நகர் வெயிலில் நின்று
பானெட் சுண்ணாம்பு பூத்துக் கிடக்கிறது.
தொட்டால் விரலில் ரோஸ் நிறத் தூள்.

கையகலம் தேய்க்கிறேன். துணி சிவக்கிறது.
"செத்த தோல்தான் வரும், பயப்படாதீங்க மேடம்"
என்றிருந்தான் கடைக்கார இம்தியாஸ்.
அதற்கடியில்
ஷோரூமில் பார்த்த அதே மிளகாய்ப்பழம்.

டிக்கியில்தான் கை நின்றது.
எப்போதோ பிய்த்தெறிந்த ஸ்டிக்கரின் இடத்தில்
வெயில் படாத எழுத்துகள்:
செல்வின் கோமதி.
மற்றதெல்லாம் வெளுத்ததால்தான்
இத்தனை நாள் படிக்க முடிந்தது.

சுற்றிலும் தேய்த்தேன்.
பெயர்கள் அழியவில்லை,
சுற்றியிருந்த சிவப்பு
அவற்றை எட்டிப் பிடித்தது.
முதலில் செல்வின் போனான்.
'மதி' கொஞ்ச நேரம் நின்றது.

கூரை மட்டும் முடியவில்லை.
அங்கே ப்ரைமரின் சாம்பல் எட்டிப் பார்க்கிறது,
இன்னும் தேய்த்தால் தகரம்.
மூன்றாம் மாடிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பனியனை அலசத் தண்ணீர் இல்லை.
கொடியில் போட்டேன்,
சிவப்பாகவே காயட்டும்.