இடப்பக்கத்துக்குப் பதினாறு

மகரகமயில வெட்டி எடுத்ததை
என்ன செஞ்சீங்கன்னு கேட்டேன்.
நர்ஸ் சிங்களத்துல என்னமோ சொன்னா.
பக்கத்துக் கட்டில் சோமாவதி
தனக்குத் தெரிஞ்ச தமிழ்ல மாத்திச் சொன்னா:
"நெருப்பு போட்டாச்சி, அக்கே."

அப்போ தகனம் ஆயிருக்கு.
தகனம் ஆனா
பதினாறுன்னு ஒண்ணு வேணுமே.

விரல் விட்டு எண்ணினேன்.
லயத்துக்கு வந்த அஞ்சாவது நாள்.
"பைத்தியமா ஒனக்கு,
ஆள் உசுரோட குந்தியிருக்கையில
யாருக்குக் கருமாதி?"ன்னாரு வேலாயுதம்.
கொஞ்ச நேரம் அடுப்பைப் பாத்துக்கிட்டு இருந்துட்டு
"வடை சுடணுமா?"ன்னாரு.

வெட்டுறதுக்கு முந்தி ஆறு ஊசி.
மூணாவதுலயே முடி முழுசும் போயிருச்சி.
கண்ணாடியில பாத்தா
உச்சியில ஒரு பள்ளம், காதுக்குக் காது.
கூடைக் கயிறு இருபத்தெட்டு வருசம்
உக்காந்து எழும்பின தடம்.
கோடையில தண்ணி வத்தினா
டேமுக்குள்ள இருந்து பழைய மஸ்கெலியா கோயில்
தலை காட்டுமே,
அப்படித் தெரிஞ்சிச்சி.
தடவிப் பாத்தேன். வலிக்கலை.

தொண்ணூத்தி ஏழுல ஒரு ஆம்பிளைப் பிள்ளை.
வலப்பக்கம் போட்டா மூஞ்சியத் திருப்பிக்கும்.
இடதுதான் வேணும் அதுக்கு.
முப்பத்தொண்ணு கழிச்சிப் பேர் வைக்கலாம்னு இருந்தோம்,
இருபத்தாறோட முடிஞ்சிச்சி.
சிறுசுக்குக் கருமாதி கிடையாதுன்னு சொல்லி
நாலாம் நம்பர் மலைக்குக் கீழ
புதைச்சிட்டு வந்து கை கழுவினாங்க.
நான் போகலை, போக விடலை.

லீவு முடிஞ்சி மலை ஏறின பொறவும்
இடப்பக்கம் நிக்கலை.
பின்னால கூடை கனக்கும்,
முன்னால சட்டை நனையும்.
கங்காணி அந்தப் பக்கம் திரும்பின நேரம்
குனிஞ்சி பீச்சி விடுவேன்
ஓடையோரத் தேயிலைத் தூருக்கு.
ஒரே தூருக்குத்தான், தினமும்.
அதுல கொழுந்து கிள்ள மாட்டேன்.

இப்ப அந்த மலையைக் கைவிட்டாச்சு.
மானாப்புல்லு ஆள் உசரம்.
வேலாயுதம் கத்தியால வழி வெட்டிக்கிட்டே முன்னால போனாரு.
நான் வீங்கின கையை
நெஞ்சோட அணைச்சிக்கிட்டுப் பின்னால.
தூரு இருந்துச்சி. தேயிலையா இல்லை,
மரமா வளந்து பூத்திருந்துச்சி.

கொண்டு போனது:
பால் அரைப் போத்தல்,
அஞ்சு வடை,
எனக்கு இனி வேண்டாத பழைய சட்டையில
இடப்பக்கத்தை மட்டும் வெட்டின துணி,
சோமாவதி கட்டிவிட்ட பிரித் நூல்ல
அறுந்துபோன ஒரு துண்டு.
மண்ணை நோண்டி வச்சி மூடினோம்.
கொழும்புல இருந்து மக சுகிர்தா போன்ல பாத்தா,
பாதியில சிக்னல் போயிருச்சி.

அழணுமேன்னு வாயைத் திறந்தேன்.
ஒப்பாரிக்கு ஒரு முறை வேணும்.
அப்பனா இருந்தா அப்பா,
புருசனா இருந்தா ராசா.
ஒரு மாருக்கு என்ன முறை?
தேடிக்கிட்டு நின்னேன்.
வந்த அழுகை
தொண்டையில வெத்தலை மாதிரி அடைச்சிக்கிச்சி.

அப்பத்தான்
"காண்டீபன்"னாரு அவரு.

யாரைன்னேன்.

"நான் யோசிச்சி வச்சிருந்த பேரு.
இஸ்டோர் டிக்கெட்டு பின்னால எழுதி
சட்டைப் பையில வச்சிருந்தேன்.
அன்னைக்கு மழை. நனைஞ்சி கிழிஞ்சிருச்சி."

இருபத்தேழு வருசம்
ஒரே காம்பராவுல, ஒரே பாயில
இந்த மனுசன் இதைச் சொல்லலை.
கோவம்தான் மொதல்ல வந்துச்சி.
மண்ணை அள்ளி அவரு மேல எறிஞ்சேன்.
துடைக்காம நின்னாரு.
அதுக்குப் பொறவு முறை தேடத் தேவையில்லாமப் போச்சி.
ரெண்டு பேரும் அழுதோம்,
எதுக்கு எவ்வளவுன்னு பிரிக்காம.

காக்கா வரலை.
வடையை நாங்களே தின்னோம். உப்புப் போட மறந்துட்டாரு.

எறங்கையில
எப்பவும் முன்னால நடக்கிறவரு
எனக்கு இடப்பக்கமா நடந்து வந்தாரு,
அந்தப் பக்கம் கனமில்லாம
நான் சாஞ்சிருவேன்னு நெனைச்ச மாதிரி.

செவ்வாய்க்கிழமை கிளினிக்.
விடியக்காலை ரெண்டரைக்கு பஸ்.