பூத்தராசில் ஒரு பூட்ஸ்

ஆரல்வாய்மொழிக் காற்று
ஆறு மணிக்கே மைதானத்தைக் கூட்டத் தொடங்கிவிடும்.
காற்றாடிகளின் நிழல்
மணலை வெட்டி வெட்டிக் கடக்கும்.
எட்டணா முதலில் அதைத்தான் தாண்டுவான்.
நிழலுக்குக் காலைத் தூக்குகிற குதிரை என்று
எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

பூட்ஸ் மாட்டுமுன் காலைத் துடைக்க வேண்டும்.
ஈரத்துணி, காய்ந்த துணி,
கடைசியில் வெறும் உள்ளங்கை.
ஒரு மணல் போதும்,
பத்துத் தாண்டலுக்குள் தோலை அரைத்துவிடும்.
பட்டையை முன்னிருந்து பின்னுக்கு இழுக்க வேண்டும்.
மேல்விளிம்பில் ஒரு விரல் நுழையவேண்டும்.
இரண்டு நுழைந்தால் நழுவும்.
ஒன்றும் நுழையாவிட்டால்
என்ன ஆகும் என்று,
அளவு சிறுத்த செருப்போடு
கோட்டாறு சவேரியார் கோயில்வரை நடந்தவளுக்கு
யாரும் சொல்லித்தர வேண்டாம்.

முன்கால் பூட்ஸுக்கு முன்பக்கம் திறப்பு.
கம்பில் பட்டால், பட்டது தெரியவேண்டும்.
பின்பக்கம் மட்டும் கெட்டி ஓடு,
இறங்கும் வேகத்தில்
தன் பின்குளம்பே தன் முன்கால் நரம்பை
வெட்டிவிடாமல் இருக்க.
தன்னிடமிருந்தே தனக்கொரு காவல்.
இதைச் செய்தவன்
குதிரையைக் கொஞ்சம் யோசித்திருக்கிறான்.

புதன்கிழமை வின்சிலாஸ் சார்
பின்கால்களுக்குப் புது ஜோடி கொண்டுவந்தார்.
சனிக்கிழமை திருவனந்தபுரத்துக்காரர் வருகிறார்,
விலை பேச.
"இறுக்கிப் போடு றோஸ்லின். இன்னும் ஒரு இழுப்பு."

எட்டணா பின்கால்களை
கொதிக்கிற தண்ணீரிலிருந்து எடுப்பதுபோல் எடுத்தான்.
குளம்புக்கும் கம்புக்கும் நடுவே
ஒரு முழம் வானம்.
வேலியோரம் நின்றவர்கள் கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன்.

கழற்றும்போதுதான் கை கனத்தது.

தோவாளைச் சந்தையில்
உமையொருபாகம் அண்ணன் பிச்சி நிறுத்துக்கொண்டிருந்தார்.
"இது எந்த ஊர்ப் பூவாக்கும்?"
பழைய பூட்ஸ் முந்நூறு கிராம்.
புதியது எழுநூற்று இருபது.
தட்டில் ஒட்டியிருந்த மொட்டுகளைத் தட்டிவிட்டு
மறுபடி வைத்தார்.
எழுநூற்று இருபது.

சந்தை ஓரத்தில் உட்கார்ந்து
உள்துணியின் தையலைப் பிரித்தேன்.
குளச்சலில் பிறந்தவள்,
கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்:
வலையில் கோக்கிற ஈயக்குண்டு.
பன்னிரண்டு.
நடுவில் ஒரு சோடா மூடி,
பல் காலைப் பார்த்தபடி.

"வலிக்காது," என்றார் சார்.
"ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான்."
"என்னத்தை சார்?"
அவர் மலையைப் பார்த்தார்.
மலை அவருக்கு உதவவில்லை.

சனிக்கிழமை நான் பழையதைத்தான் மாட்டினேன்,
ஒரு விரல் இடம் விட்டு.
மூன்றாவது கம்பை எட்டணா தொட்டான்.
அது உருண்டது, நின்றது,
யோசித்தது,
விழுந்தது.

திருவனந்தபுரத்துக்காரர் நோட்டை மூடினார்.
பிறகு குனிந்து பின்காலைத் தடவினார்.
முடிக்கு அடியில் அரைவட்டமாய்
சிறு சிறு பல்தடம்.
"இது எப்படி?"
சார் இருமினார்.
எனக்கு அன்றைக்குத்தான் சம்பளம்.
நான் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்,
ஏற்கெனவே சுருட்டிய பட்டையை.
அவர் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஈயக்குண்டுகளைத் தம்பி சூசையாவிடம் கொடுத்தேன்.
எங்கிருந்து என்று கேட்டான்.
மைதானத்தில் கிடந்தது என்றேன்.
அவை இப்போது கடலடியில்
தங்கள் வேலையைச் செய்கின்றன.
சோடா மூடியை மட்டும் யாருக்கும் தரவில்லை.

திங்கள்கிழமை.
ஈரத்துணி. காய்ந்த துணி.
மூன்றாவதாக
வெறும் உள்ளங்கையை நீட்டினேன்.

தொடவே இல்லை.
அதற்குள் எட்டணா
பின்காலை வயிறுவரை தூக்கிக்கொண்டு நின்றான்.