ஏழு சென்டிமீட்டர்

வரைபடத்தில் சவுனா அறையின் நீளம்
இருநூற்றுப் பத்து.
என் டேப்பில் இருநூற்று மூன்று.

நுனிக் கொக்கி வளைந்திருக்கும் என்றான் தார்வோ.
தன் டேப்பைக் கொண்டுவந்தான்.
இருநூற்று மூன்று.
மண்டியிட்டு, தரையோடு ஒட்டவைத்து,
மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை.
சுவர் மசியவில்லை.

அக்டோபர் கடைசி. வோரு ஏரிப் பக்கமிருந்து
ஐந்து மணிக்கே இருட்டு வந்துவிடுகிறது.
கைபேசி வெளிச்சத்தில் அறை அறையாக அளந்தோம்,
விழுந்த மோதிரத்தைத் தேடுகிறவர்கள் மாதிரி.
சமையலறையில் நான்கு கூடுதலாகக் கிடைத்தது.
மீதி மூன்று எங்கேயும் இல்லை.

"பூச்சு தின்றிருக்கும்" என்றார் ஊர்மாஸ் மறுநாள்.
இன்னும் பூசவே இல்லையே என்றேன்.
தன் டேப்பை எடுத்தார்.
மஞ்சள் தேய்ந்து
முதல் பத்து எண்கள் அழிந்துபோன டேப்.
இருநூற்று ஐந்து என்றார்.
அந்த இரண்டு சென்டிமீட்டருக்கு
நாங்கள் நன்றி சொல்லவேண்டும் போலிருந்தது அவர் முகம்.

நூல் பிடித்துத்தான் கட்டினார்களாம்.
நூலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
யாரும் கேட்கவில்லையாம்.

இரு முனையிலும் பலகை அடித்தால்
நூற்றுத் தொண்ணூற்றாறு மிஞ்சும்.
தார்வோவின் உயரம் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
இந்த வீட்டில் அவன் கேட்டது ஒன்றே ஒன்று,
கால் நீட்டிப் படுக்க ஒரு பெஞ்சு.
மற்றதெல்லாம் நான் கேட்டது.
அதனால்தான் அவ்வளவு கத்தினேன்.

இடித்துக் கட்டலாம். இரண்டு வாரம்.
அந்தச் சுவர்மேல்தான் உத்திரம் ஏறவேண்டும்.
உறைபனிக்குத் தேதி தெரியும்.
வங்கிக்காரி வேறு
கூரையின் படம் எங்கே எங்கே என்கிறாள்.

ஒப்படைப்புத் தாளில் 210ஐ அடித்து
203 என்று எழுதினேன்.
பக்கத்தில் ஊர்மாஸின் கையெழுத்து.
முந்நூற்று நாற்பது யூரோ குறைத்துக்கொண்டார்,
பல்லைக் கடித்தபடி.
காணாமல்போன மூன்றைப் பற்றி
அதன்பிறகு யாரும் பேசவில்லை.

ஜனவரியில் முதன்முறையாகக் கற்கள் சூடேறின.
தார்வோ நேராகப் படுத்தான்,
குதிகால் சுவரில் இடித்தது.
கொஞ்சம் யோசித்தான்.
தலையை ஒரு மூலைக்கும்
காலை எதிர் மூலைக்கும் தள்ளி
கோணலாக நீட்டினான்.
"சரியாக இருக்கிறது, மாரிகா."

சரிதான். முழுப் பெஞ்சும் போயிற்று.
எனக்கு உட்கார எவ்வளவு மிச்சம் என்று
அளக்கப் போனேன்.
ஆணியில் தொங்கிய டேப்
தொடமுடியாத சூடு.